பற்றவைக்காத பைப்

பழைய பைப்பைக் கழுவாதீர்கள் என்று நான் எத்தனை பேருக்குத்தான் சொல்வது? தண்ணீர் படக்கூடாது. புளி போட்டுத் தேய்க்கக்கூடாது. தேங்காய் எண்ணெய் தடவக்கூடாது. பாத்திரம் விளக்கும் தூளை எடுக்கவே கூடாது. சொல்லிச் சொல்லி வாய் வலித்துவிட்டது. தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொள்வார்கள். நான் படியிறங்கி பஸ் ஏறுவதற்குள் ஒரு வாளியில் ஊறப்போட்டுவிடுவார்கள்.

கடலூர் முதுநகரில் உட்கார்ந்துகொண்டு, செத்துப்போனவர்கள் விட்டுப்போன புகைபிடிக்கும் பைப்புகளை வாங்கி, பக்குவமாகச் சுத்தம் செய்து, விலை போட்டு, இணையத்தில் விற்பது என் தொழில். சொன்னால் யாரும் நம்புவதில்லை. தெருவில் பாதிப்பேர் நான் போர் போடும் பைப் விற்கிறேன் என்று நினைத்துக்கொண்டு, மோட்டார் ரிப்பேர் ஆனால் என் வீட்டுக் கதவைத் தட்டுகிறார்கள். விவரம் தெரிந்த மீதிப்பேர் என் மனைவி ஜான்சியைப் பார்த்துப் பரிதாபப்படுகிறார்கள். அவளுக்கு அதுவே வசதியாகப் போயிற்று. "ஊர்ல அவனவன் மீன் விக்கிறான், முந்திரி விக்கிறான், எங்க வூட்டுக்காரரு செத்தவங்க எச்சி பைப்ப விக்கிறாரு" என்று என் காதில் விழும்படியே சொல்வாள்.

இந்தப் பக்கத்தில் பைப்புக்குக் குறைவே இல்லை. ஒரு காலத்தில் நெய்வேலிக்கு வந்த ஜெர்மன்காரர்கள், ரயில்வேயில் இருந்த ஆங்கிலோ இந்தியர்கள், ஆலைகளுக்கு இயந்திரம் பொருத்த வந்த வெள்ளைக்காரர்கள் எல்லாம் விட்டுப்போனதும் கொடுத்துப்போனதும் வீட்டுக்கு வீடு பரணில் கிடக்கின்றன. கம்மாபுரத்தில் ஒரு பழைய இரும்புக் கடையில் எடைக்குக் கிடந்த பைப் ஒன்று இப்போது டென்மார்க்கில் யாரோ ஒருவரின் கண்ணாடி அலமாரியில் இருக்கிறது. குறை பைப்பில் இல்லை, வீட்டுக்காரர்களிடம்தான். புதுச்சேரியில் ஒரு குடும்பம், எச்சிலாயிற்றே, கிருமி சாகட்டும் என்று ஆறு பைப்பையும் இட்லிக் குண்டானில் வைத்து அவித்துக் கொடுத்தது. அன்று "அவிக்கக்கூடாது" என்பதைச் சேர்த்துக்கொண்டேன். விருத்தாசலத்தில் ஒரு வக்கீல் வீட்டில் வெள்ளைக் கல்லில் செதுக்கிய அழகான பைப் ஒன்று இருந்தது. அந்தக் கல் எதைத் தொட்டாலும் உறிஞ்சிக்கொள்ளும். ஆயுத பூசைக்கு எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்த கையோடு அதற்கும் மஞ்சள் பூசி, சந்தனம் வைத்து, குங்குமமும் வைத்துவிட்டார்கள். அன்று "பொட்டு வைக்கக்கூடாது" சேர்ந்தது. இப்படி ஒவ்வொரு வீட்டிலும் ஒரு அடி வாங்கி, ஒவ்வொரு அடிக்கும் ஒரு "கூடாது"வைச் சேர்த்து வைத்திருக்கிறேன். எல்லாவற்றையும் மூச்சுவிடாமல் ஒப்பிப்பேன்.

கலியமூர்த்தி வீட்டிலிருந்து போன் வந்தது ஆனி மாதத்தில். பேசியது அவருடைய மகன் சிலம்பரசன். சிதம்பரம் மேலவீதியில் செல்போன் கடை வைத்திருக்கிறான். அப்பா பெண்ணாடத்தில் சர்க்கரை ஆலை இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவர் என்றும், போன ஐப்பசி மழையில் தவறிவிட்டார் என்றும், அவருடைய பைப்பெல்லாம் ஒரு டிரங்குப் பெட்டியில் கிடக்கிறது என்றும் சொன்னான்.

"கழுவிட்டீங்களா?" என்றுதான் நான் முதலில் கேட்டேன்.

"இல்ல சார். தொடவே இல்ல. அம்மா தொட வுடல."

எனக்கு அந்த அம்மாவை அப்போதே பிடித்துப்போயிற்று. பிறகு அந்த அம்மாவால் நான் பட்ட பாடு தனி.

மறுநாளே போனேன். அண்ணாமலை நகரில் சின்ன மாடிவீடு, பின்பக்கம் ஒரு தென்னைமரம். தங்கம்மாள் என்று பெயர். எழுபதை ஒட்டிய வயது, கனத்த குரல். பெட்டியை அவரே கூடத்துக்கு இழுத்துவந்து என் முன்னால் வைத்தார். பைப் இருபதுக்கு மேல் இருக்கும். எல்லாமே நன்றாகப் புகைத்துத் தீர்த்தவை. வாய் வைக்கும் முனைகளில் பல் பதிந்திருந்தது, புகையிலை அடைக்கும் கிண்ணங்களுக்குள்ளே கரி கட்டிப்போயிருந்தது. மோசமில்லை, ஆனால் நான் வாழ்நாள் முழுக்கப் பார்த்த சரக்குதான். கணக்குப் போட்டுக்கொண்டே அடிக்குப் போனால் மடித்த வேட்டி ஒன்று. அதற்கடியில் ஒரு சின்னப் பெட்டி.

திறந்தேன். டன்ஹில். லண்டனில் செய்தது. கருவேலம் பட்டை மாதிரி மேடுபள்ளமான கறுப்பு மேனி, வாய்த்தண்டின் மேல் அந்தக் கம்பெனியின் அடையாளமான வெள்ளைப்புள்ளி, கீழே சின்னதாக முத்திரை. முத்திரையில் இருந்த எண்ணைப் பார்த்தால் அறுபதுகளில் செய்தது. டார்ச் அடித்துக் கிண்ணத்துக்குள்ளே பார்த்தேன். உள்ளே மரம். வெறும் மரம், தச்சன் கடைந்த நிறத்திலேயே இருந்தது.

இது எவ்வளவு பெரிய விஷயம் என்று சொல்லியாக வேண்டும். பைப்பில் ஒரே ஒரு முறை நெருப்பு வைத்தாலும் உள்சுவர் கருகிவிடும். பிறகு அது பழைய பைப். பற்றவைக்காமலே அரை நூற்றாண்டைத் தாண்டிய பைப் என்றால் அதற்கு மதிப்பே வேறு. நான் இந்தத் தொழிலுக்கு வந்து எத்தனையோ பைப்புக்கு விவரக்குறிப்பு எழுதிவிட்டேன். "நன்கு புகைத்தது", "மிதமாகப் புகைத்தது", "வாய்முனையில் பல் தடம் உண்டு" என்று எழுதி எழுதிச் சலித்துவிட்டது. "பற்றவைக்காதது" என்ற அந்த ஒரு வார்த்தையை எழுதும் பாக்கியம் ஒருமுறைகூட எனக்குக் கிடைத்ததில்லை. ஒரே ஒரு முறை எழுத வேண்டும், அதுவும் உண்மையாக எழுத வேண்டும் என்பதுதான் என் ஆசை.

"இத்த ஏம்மா அவரு குடிக்கவே இல்ல?" என்று கேட்டேன்.

"அது அவரு வெச்சிருந்தது தம்பி" என்றார் தங்கம்மாள். ஆலையில் டர்பைன் பொருத்த வந்த வெள்ளைக்காரர் ஊருக்குத் திரும்பும்போது கொடுத்தது என்று சிலம்பரசன்தான் சொன்னான்.

படம் எடுத்து பெங்களூரில் இருக்கும் ஒரு டாக்டருக்கு அனுப்பினேன். ஓய்வு பெற்றவர், பெரிய சேகரிப்பாளர், லேசில் எதையும் நம்பாதவர். உடனே போன் செய்தார். "குடிச்சதெல்லாம் என்கிட்ட நிறைய இருக்கு மிஸ்டர் ராபர்ட். பற்றவைக்காததுன்னு நீங்க எழுதிக் கொடுத்தா எடுத்துக்கறேன். ஒரு தடவை பற்றவைச்சிருந்தாலும் எனக்கு வேண்டாம்" என்றார். வைப்பதற்கு முன்னால், "அப்படி எழுதறவங்களை நான் நம்பறதில்லை. நீங்க எழுதினா நம்பறேன்" என்றும் சொன்னார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

விலை பேசி முடிந்தது. எல்லோருக்கும் சம்மதம். பைப்பை வாங்கிக்கொண்டு வர வேண்டியதுதான் பாக்கி. அங்கேதான் ஆரம்பித்தது.

அதற்குள் ஆடி பிறந்துவிட்டது. ஆடியில் எதையும் வீட்டை விட்டு வெளியே அனுப்புவதில்லை என்றார்கள். சரி, போகட்டும் என்று ஆவணியில் போனேன். போய் இறங்கிய பிறகுதான் தெரிகிறது, வெள்ளிக்கிழமையாம். வெள்ளிக்கிழமை வீட்டிலிருந்து பொருள் போனால் லட்சுமி போய்விடுவாளாம். "லட்சுமி பைப்பா குடிக்கிறா?" என்று கேட்கவேண்டும்போல் இருந்தது, காபியைக் குடித்துவிட்டுத் திரும்பினேன். அடுத்த தடவை நாள் பார்த்துப் புதன்கிழமை போனேன். அஷ்டமி. ஒரு தடவை நாளும் நன்றாக இருந்து கிழமையும் நன்றாக இருந்தது. நான் உள்ளே நுழைந்தது ராகு காலத்தில். சரி, அது முடியட்டும் என்று கூடத்திலேயே உட்கார்ந்திருந்தேன். முடிந்ததும் டிபன், காபி என்று இழுத்ததில் எமகண்டம் வந்தது. அதற்குள் யாரோ தும்மிவிட்டார்கள். நான் கிறிஸ்தவன், எனக்கு எந்தப் பஞ்சாங்கமும் தெரியாது என்று இருந்தவன், கடைசியில் தினமும் தாள் கிழிக்கும் காலண்டரை வாங்கி மாதாகோயில் காலண்டருக்குப் பக்கத்திலேயே மாட்டினேன். ஜான்சி சிலுவைக்குறி போட்டுக்கொண்டாள்.

புரட்டாசியில் தங்கம்மாள் ஒரு முடிவுக்கு வந்தார்.

"இன்னும் ஒரு மாசந்தானே தம்பி. தலதெவசம் முடியட்டும். அன்னிக்கே வாங்க. படையல் போட்டு சாமி கும்பிட்டு, சாப்ட்டுட்டு, பொட்டியோட எடுத்துக்கினு போங்க. அதுக்கப்புறம் நாளும் பாக்கல, கெழமையும் பாக்கல."

அவர் போய் ஒரு வருடம் நிறைகிற நாள் அது. ஒத்துக்கொண்டேன். ஆனால் அந்த ஒரு மாதத்தில் இவர்கள் அந்தப் பைப்பை என்ன செய்துவைப்பார்களோ என்ற கவலை விடவில்லை. அம்மாவையும் மகனையும் உட்காரவைத்து என் கூடாதுகளை ஒன்றுவிடாமல் சொன்னேன். தண்ணீர் கூடாது. எண்ணெய் கூடாது. அவிக்கக்கூடாது. வெயிலில் வைக்கக்கூடாது. தெவசத்துக்கு வீடு கழுவும்போது பெட்டி தரையில் இருக்கக்கூடாது. சந்தனம், குங்குமம், விபூதி எதுவும் கூடாது. கற்பூரத் தட்டைக் கிட்டே கொண்டுபோகக்கூடாது. சிலம்பரசன் எல்லாவற்றையும் செல்போனில் பதிவுசெய்துகொண்டான். நான் நிம்மதியாகத் திரும்பினேன். அந்த வீட்டில் பீடி குடிக்கிறவர்கூட யாரும் இல்லை. பற்றவைக்காதீர்கள் என்று யாராவது சொல்வார்களா?

தெவசத்தன்று காலையில் ஜான்சி என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "படையல் சோறு சாப்புடப் போறீங்க. பங்குச்சாமி கேட்டா எனக்கு ஒண்ணும் தெரியாதும்பேன்" என்றாள். நான் பையில் பைப்பைச் சுற்றுவதற்குக் குமிழ் வைத்த பிளாஸ்டிக் தாளும், மற்ற பைப்புகளை அங்கேயே ஒருதரம் துடைத்து எடுத்துவர ஸ்பிரிட்டும் பஞ்சும் மெல்லிய உப்புத்தாளும் எடுத்துவைத்துக்கொண்டேன். ஆலப்பாக்கத்தில் ரயில்வே கேட் மூடியிருந்து, புதுச்சத்திரத்தில் பஸ் பஞ்சராகி, நான் போய்ச் சேரும்போது நேரமாகிவிட்டது.

கூடத்தில் எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். உள் அறையின் கதவு அப்போதுதான் சாத்தப்பட்டிருந்தது. கதவுக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தவர் தங்கம்மாளின் தம்பி தங்கராசு. புவனகிரியிலிருந்து வந்திருந்தார், சடங்கெல்லாம் அவர் சொன்னபடிதான்.

"வாங்க தம்பி. இப்பத்தான் படையல் போட்டுட்டு கதவ சாத்தினோம். மச்சான் சாப்புடணுமில்ல? நாம பாத்துக்கினு இருந்தா எப்பிடி சாப்புடுவாரு?" என்றார்.

இது எனக்குத் தெரிந்த வழக்கம்தான். இலை போட்டு, செத்தவருக்குப் பிடித்ததையெல்லாம் வைத்து, கதவைச் சாத்திவிட்டு வெளியே காத்திருப்பார்கள். நானும் ஓரமாக உட்கார்ந்தேன். கதவிடுக்கு வழியாக வாசனை வந்தது. சாம்பிராணி. ஊதுபத்தி. வஞ்சிரம் வறுவல். பசியாகத்தான் இருந்தது. அப்புறம் இன்னொன்று வந்தது. இந்தத் தொழிலில் எனக்குக் கண்ணைவிட மூக்குதான் முக்கியம். அது பீடி இல்லை. சுருட்டும் இல்லை. டப்பாவில் வருடக்கணக்கில் கிடந்து சருகாகக் காய்ந்துபோன பைப் புகையிலை.

"உள்ள என்னா பொகையுது?" என்றேன்.

"சாம்பிராணி சார்" என்றான் சிலம்பரசன்.

"அது இல்லப்பா. பொகையில."

"ஆமா சார். அப்பாவுக்குப் புடிச்சதெல்லாம் வெக்கணுமில்ல? பைப்பும் வெச்சிருக்கோம். பழைய டப்பாவுல கொஞ்சம் பொகையில கெடந்துச்சி."

"பைப்பு வெச்சீங்க, சரி. பத்த ஏன் வெச்சீங்க?"

"பத்தவெக்காம எப்பிடி சார்? இலையில சோறு வெச்சிட்டு கொழம்பு ஊத்தாம வுடுவாங்களா?"

இருபது பைப் இருக்கிறதே, அதில் ஒன்றாக இருக்கட்டும் என்று மாதாவை வேண்டிக்கொண்டேன்.

"எந்தப் பைப்பு?"

"பொட்டியில தனியா இருந்துச்சே, அதுதான் சார். மத்ததெல்லாம் எச்சி பைப்பு. படையலுக்கு எச்சி வெப்பாங்களா?"

நான் எழுந்தேன் என்று சொல்ல முடியாது, என்னை யாரோ தூக்கி நிறுத்தியதுபோல் இருந்தது. கதவுக்குப் பாய்ந்தேன். தங்கராசு நாற்காலியோடு நகர்ந்து தாழ்ப்பாளுக்கு முன்னால் வந்துவிட்டார்.

"என்னா தம்பி நீங்க? மனுசன் சாப்ட்டுக்கினு இருக்காரு."

"ஐயா, அது பத்தவெக்காத பைப்பு!"

"அதான் இப்ப பத்தவெச்சாச்சே."

"ஐயோ, அத்த அணைக்கணும். கதவத் தொறங்க. ஒரு நிமிசம். பைப்ப மட்டும் எடுத்துக்கினு வந்துடறேன்."

"ஒரு வருசமா பட்டினி கெடக்கறாரு. பாதி சாப்பாட்டுல போயி கையில இருக்கறத்த புடுங்குவீங்களா? உங்க வூட்டுல அப்பிடித்தான் பண்ணுவீங்களா?"

சிலம்பரசன் என் கையைப் பிடித்துக்கொண்டான். "சார், நீங்க சொன்ன ஒண்ணத்தையும் நாங்க மீறல. தண்ணி படல. எண்ண தடவல. அம்மா சந்தனம் வெக்கப் போனாங்க, நான்தான் சார் திட்டுவாருன்னு தடுத்தேன்" என்றான். அவன் முகத்தில் பெருமை வேறு. கற்பூரத்தைக்கூடக் கிட்டே காட்டவில்லையாம், ஊதுபத்தி நெருப்பில்தான் பற்றவைத்தார்களாம். எனக்கு அழுவதா அவனை அறைவதா என்று தெரியவில்லை. ஒரு சொல் சொல்லாமல் விட்டேன், அந்த ஒரு சொல்லில் போய் விழுந்திருக்கிறார்கள்.

ஒரே ஒரு நம்பிக்கை இருந்தது. பைப் தானாக எரியாது. இழுக்க ஆளில்லாவிட்டால் மேலாகக் கருகி உடனே அணைந்துவிடும். விளிம்போடு போயிருந்தால் அதிகக் கெடுதி இல்லை. இதைச் சொல்லிச் சொல்லி மனத்தைத் தேற்றிக்கொண்டேன். ஆனால் புகை நிற்கவில்லை. கதவிடுக்கில் வந்துகொண்டே இருந்தது. தங்கராசு அதைப் பற்றிக் கவலைப்படாமல், வெள்ளாற்றில் தண்ணீர் வந்ததையும் மருமகன் புது டிராக்டர் வாங்கியதையும் சொல்லிக்கொண்டிருந்தார். என் வாழ்க்கையில் ஒரே ஒரு முறை கைக்கு வந்த பொருள் நாலு அடி தூரத்தில் எரிந்துகொண்டிருக்கிறது, நான் டிராக்டருக்கு எத்தனை குதிரைசக்தி என்று கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

ஒரு வழியாக அவர் எழுந்தார். உள்ளே இருப்பவருக்குத் தெரியட்டும் என்று தொண்டையைச் செருமினார். கதவைத் தட்டினார். பிறகுதான் திறந்தார்.

கலியமூர்த்தியின் படம், மாலை, இலை, வேட்டி துண்டு. இலைக்குப் பக்கத்தில் ஒரு பித்தளைத் தட்டு. தட்டில் டம்ளர் மேல் சாய்த்துவைத்த என் டன்ஹில். தலைக்கு மேலே மின்விசிறி முழு வேகத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. சாப்பிடும்போது அவருக்கு வேர்க்குமாம். விளக்கு அணையாமல் இருக்க அட்டைப்பெட்டி ஒன்றை வெட்டித் தடுப்பு வைத்திருந்தார்கள். விளக்குக்கு வைக்கத் தெரிந்தது, பைப்புக்கு வைக்கத் தெரியவில்லை.

பைப்பை எடுத்தேன். சுட்டது. சாம்பலைத் தட்டில் கொட்டி டார்ச் அடித்துப் பார்த்தேன். விளிம்போடு நிற்கவில்லை. காய்ந்த புகையிலை மின்விசிறிக் காற்றில் அடிவரைக்கும் எரிந்து சாம்பலாகியிருந்தது. உள்சுவர் சுற்றிலும் கறுத்திருந்தது.

"இது தானா பத்திக்காது. வாய் வெச்சி இழுத்தாத்தான் பத்திக்கும். யாரு இழுத்தது?" என்று கத்தினேன்.

சிலம்பரசன் அம்மாவைப் பார்த்தான். பிறகு தங்கம்மாள், "நான்தான்" என்றார்.

நான் வாயை மூடியிருக்க வேண்டும். மூடவில்லை. அரை நூற்றாண்டாக யாரும் தொடாத பொருளை அரை மணியில் பாழாக்கிவிட்டீர்கள் என்றேன். ஆடி என்றீர்கள், அஷ்டமி என்றீர்கள், தும்மல் என்றீர்கள், எல்லாம் இதற்குத்தானா என்றேன். பெங்களூர் டாக்டருக்கு நான் என்ன பதில் சொல்வேன் என்றேன். இவ்வளவுக்கும் அந்த அம்மா என் கையிலிருந்த பைப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். சிலம்பரசனுக்கு அப்போதுதான் விஷயம் முழுதாக உறைத்தது. முகம் வெளுத்துவிட்டது.

"சார், உங்க பையில எல்லாம் வெச்சிருக்கீங்களே. தொடச்சி எடுத்துட முடியாதா? இப்பத்தானே எரிஞ்சிது. யாருக்குத் தெரியும்?" என்று தணிந்த குரலில் கேட்டான்.

முடியும். அதுதான் கொடுமை. கரி இன்னும் மரத்துக்குள் இறங்கவில்லை. ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சு, அப்புறம் மெல்லிய உப்புத்தாள், பொறுமையாக அரை மணி நேரம். டார்ச் அடித்தால் மரம் தெரியும். டாக்டருக்கு வயதாகிவிட்டது, பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தாலும் கண்டுபிடிப்பது கஷ்டம். அந்த ஒரு வார்த்தையை எழுதிவிடலாம். நான் நல்லவன், வல்லவன் என்றெல்லாம் சொல்லிக்கொள்ளப் போவதில்லை. பையைத் திறந்தேன், பஞ்சை எடுத்தேன், நனைத்தேன்.

"என்னா பண்றீங்க?" என்றார் தங்கம்மாள்.

"சுத்தம் பண்றாரும்மா" என்றான் சிலம்பரசன்.

"எதுக்கு?"

"யாரும் குடிக்காததுன்னு எழுதணும்மா. அப்பத்தான் அவுங்க எடுத்துக்குவாங்க."

"யாரும் குடிக்காததா?"

குரல் ஓங்கவில்லை. தங்கம்மாள் இலைக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தார்.

"வூட்டுக்குள்ள ஒருநாள் அவர குடிக்க வுட்டதில்ல தம்பி நானு. நாத்தம்னு கத்துவேன். மழையானாலும் அந்த தென்னமரத்துக்கிட்டப் போயி கொடைய புடிச்சிக்கினு நின்னு குடிப்பாரு. இந்தப் பைப்ப மட்டும் நல்ல நாளு பாத்து, நிம்மதியா சேர்ல உக்காந்து குடிக்கணும்னு வெச்சிருந்தாரு. ரிட்டையர் ஆன அன்னிக்கி எடுத்தாரு. அன்னிக்கின்னு பாத்து எங்க அம்மா தவறிப் பூட்டாங்க. இவன் கல்யாணத்தன்னிக்கி எடுத்தாரு. வூடு நெறைய ஜனம், இப்பப் போயி என்னாத்துக்கு அது, உள்ள வெய்யின்னு நான்தான் சத்தம் போட்டேன். சிரிச்சிக்கினே உள்ள வெச்சிட்டாரு. அதுக்கப்புறம் டாக்டரு பொகையே கூடாதுன்னுட்டாரு."

முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

"நான் ரெண்டு இழுப்புதான் இழுத்தேன். அதுக்கே நெஞ்சு அடச்சிக்கிச்சி. வெச்சிட்டு வெளிய வந்துட்டேன். மீதி யாரு குடிச்சது? அடியில ஒரு தூளு பாக்கி இருக்குதா பாருங்க. அத்தனையும் குடிச்சிருக்காரு. வூட்டுக்குள்ள உக்காந்து குடிச்சிருக்காரு. அத்தப் போயி தொடச்சிட்டு, குடிக்கவே இல்லன்னு எழுதுவீங்களா?"

"அம்மா, மேல ஃபேன் ஓடிச்சி, அதனால…" என்று ஆரம்பித்தேன். சிலம்பரசன் என் மணிக்கட்டை இறுக்கினான். அவன் இறுக்கியிருக்க வேண்டியதில்லை. அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்த பிறகு எனக்கே அந்த வாக்கியத்தை முடிக்க வாய் வரவில்லை. பஞ்சைக் காகிதத்தில் சுற்றிப் பைக்குள் போட்டேன்.

"எழுதுங்க" என்றார் தங்கம்மாள்.

"என்னான்னும்மா எழுத?"

"அவரு குடிச்சாருன்னு."

செல்போனை எடுத்து டாக்டருக்கு எழுதினேன். லண்டனில் செய்தது. அறுபதுகள். வாய்முனையில் பல் தடம் இல்லை. ஒரு முறை புகைத்தது, உரிமையாளர். தங்கம்மாள் படித்துக் காட்டச் சொன்னார். படித்தேன்.

"நல்லா குடிச்சாருன்னு போடுங்க."

விவரக்குறிப்பில் வேண்டாத ஒரு சொல் நான் சேர்ப்பதில்லை. "நன்றாக" என்று சேர்த்தேன். அனுப்பினேன்.

டாக்டர் உடனே பார்த்துவிட்டார். "வேண்டாம், மன்னிக்கவும்" என்று பதில் வந்தது. எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. டாக்டர்மேல், தங்கராசுமேல், மின்விசிறிமேல், அஷ்டமிமேல், எல்லாவற்றின்மேலும் வந்தது. அந்த வார்த்தையை இனி நான் எந்தக் காலத்தில் எழுதப்போகிறேன்?

"என்னா சொல்றாரு?" என்று கேட்டார் தங்கம்மாள்.

"வேணாமாம்."

அவருக்கு வருத்தமே இல்லை. எழுந்து இலையிலிருந்த வடையை ஒரு தட்டில் எடுத்துவைத்து என்னிடம் நீட்டினார்.

"போவுது வுடுங்க. இனிமே யாருக்கு வேணாலும் குடுங்க தம்பி. எந்த நாளுல வேணாலும் எடுத்துக்கினு போங்க. அவரு குடிச்சிட்டாரு."

ஒரு கையில் வடைத்தட்டு, இன்னொரு கையில் பைப். சூடாக இருக்கும்போது பைப்பின் தண்டைக் கழற்றவும் கூடாது, பைப்பைச் சுற்றிக் கட்டவும் கூடாது. அதனால் அது ஆறும்வரை அந்தக் கூடத்தில் உட்கார்ந்திருந்தேன்.